ஐஸ் பங்களாவும் வெளிப்பூட்டும்

9 மே 1988, திங்கள்

நான் பெற்ற மகன் தங்கவேல் இன்று காலை என்னை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனான். இதை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாராவது வந்து, அப்படியெல்லாம் இல்லை, காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டது என்று சொல்லலாம். காற்று கடைக்குப் போய்ப் பூட்டு வாங்காது.

பூட்டு புதிது. நேற்று பூந்தமல்லியில் வாங்கி வந்தான். நாதாங்கி வைக்க ஆசாரியைக் கூப்பிடவில்லை. தானே துளை போட்டு, தானே திருகினான். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிற கை. ஒரு திருகாணியும் கோணவில்லை. பெற்றவளைப் பூட்டவும் அவ்வளவு நேர்த்தி.

"மா, சாயங்காலம் வந்துடுவேன். தண்ணி கீது, சோறு கீது, பின்னாடி பாத்ரூம் கீது. வேற இன்னா வேணும் உனக்கு?"

"கதவு வேணும்."

"கதவுதான் கீதே" என்றான்.

பக்கத்தில் மருமகள் வசந்தகுமாரி. என் தம்பி மகள்தான். நான்தான் பெண் கேட்டுக் கட்டி வைத்தேன். சோற்று டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு தெருவையே பார்த்து நின்றாள். மாத்திரைக்கு அட்டைப்பெட்டி ஒட்டுகிற கம்பெனியில் அவளுக்கு வேலை. சாவியை அவன் அவளிடம் கொடுத்தான். அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள். போய்விட்டார்கள்.

எனக்கு வயது அறுபத்தேழு. காலும் கையும் நன்றாக இருக்கின்றன. கண் நன்றாக இருக்கிறது. புத்தியும் நன்றாக இருக்கிறது. அதைத்தான் யாரும் நம்பவில்லை.

10 மே, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. நாற்று நட்டவள். பிறகு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் கீரை விற்றவள். அங்கே பஸ் பலகைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றேன். 'கா' என்றால் காஞ்சிபுரம், 'தி' என்றால் திருவள்ளூர். ஊர்ப் பெயர் தீர்ந்ததும் சினிமா போஸ்டர். அதுவும் தீர்ந்ததும் கதைப் புத்தகம். வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிற கங்காதரன் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது என் அதிர்ஷ்டம்.

எல்லாக் கதையும் எனக்குப் பிடிக்காது. காதல் கதை படித்தால் தூக்கம் வரும். எனக்கு வேண்டியது ஒரே மாதிரிதான். பனி கொட்டுகிற மலை. அதன் உச்சியில் ஒற்றைப் பங்களா. பாதை மூடிக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு கொலை விழ வேண்டும். கொன்றவனால் வெளியே போக முடியாது, போலீசால் உள்ளே வர முடியாது. என்ன ருசி அதில் என்று கேட்கிறவர்கள், கத்திரி வெயிலில் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே வந்து என்னோடு ஒரு மத்தியானம் உட்காரட்டும்.

போன மாதம் கங்காதரன் ஒரு கதை கொடுத்தார். ஏதோ பத்திரிகையில் வாரா வாரம் வந்ததைக் கிழித்துச் சேர்த்து இரண்டு பாகமாகப் பைண்டு செய்தது. அட்டையும் இல்லை, பெயரும் இல்லை. முதல் பாகம் எடுத்து வந்தேன். சாயங்காலம் குழாயடியில் தண்ணீர் வரும்வரை பெண்களுக்கு அதைச் சொன்னேன். அவர்கள் வைத்த பெயர் 'ஐஸ் பங்களா கதை'.

எஸ்டேட் முதலாளி, நர்ஸ், விருந்தாளி என்று மொட்டையாகச் சொன்னால் அவர்கள் மனதில் நிற்காது. அதனால் நான் ஆள் வைத்துச் சொல்வேன். முதலாளியா, நம்ம வாடகை ஊட்டுக்காரர் ஜம்புலிங்கம் மாதிரி வெச்சிக்கோ. அவர் தம்பியா, அவருடைய தம்பி மாதிரியே வெச்சிக்கோ. வைத்துக்கொண்ட பிறகு 'மாதிரி' எதற்கு? பெயரைச் சொல்லிக்கொண்டு போவேன். எங்கள் பக்கத்தில் கதை சொல்வது அப்படித்தான்.

அன்றைக்குத் தாயம்மா தாமதமாகக் குடத்தோடு வந்தாள். வந்த நேரத்தில் நான், "ஜம்புலிங்கத்த வெறகுக் கொட்டாய்ல வெட்டிப் போட்டுட்டாங்க. மூணு நாளா கெடக்குறாரு, நாத்தமே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பனியில் பிணம் நாறாது என்று விளக்குவதற்குள் அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

ஜம்புலிங்கம் அப்போது திருத்தணியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பொழுது சாய்வதற்குள் எங்கள் திருமழிசை முழுவதும் சேதி. வானகரத்திலிருந்து அவர் தங்கை வேனில் ஆளோடும் மாலையோடும் வந்து இறங்கினாள். யாரோ சாவு மேளத்துக்கே சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த மனிதர், தனக்கு வந்த மாலையைத் தானே தாண்டிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார்.

நேராகத் தங்கவேலிடம் வந்தார். "உங்கம்மாவுக்குப் புத்தி பெசகிப் போச்சு. ஊட்டுக்குள்ள வெச்சி பூட்டு. இல்லாங்காட்டி என் ஊட்ட காலி பண்ணு."

மகன் யோசித்தான். பூட்டு வாங்கினான்.

நான் பொய் சொல்லவில்லை. புரளி கிளப்பவில்லை. கதை சொன்னேன். கேட்க வருகிறவள் முதலிலிருந்து கேட்க வேண்டும். பூட்டுவதென்றால் தாயம்மாவைப் பூட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த வீடு நிற்கிற இடம் ஜம்புலிங்கத்தின் அப்பா காலத்தில் நஞ்சை. இதே இடத்தில் குனிந்து நான் நாற்று நட்டிருக்கிறேன். அன்றைக்காவது நாலு பக்கமும் திறந்திருந்தது.

12 மே, வியாழன்

மின்சாரம் இல்லை. ஷீட் சடசடவென்று வெடிக்கிற சத்தம். ஈரத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு முதல் பாகத்தை மறுபடி படித்தேன். பங்களாவில் ஜன்னல் கண்ணாடியை நகத்தால் சுரண்டினால் பனித்தூள் உதிருமாம். நான் எங்கள் ஜன்னல் கம்பியைத் தொட்டேன். கை சுட்டது.

அங்கே ஆறு பேர் சேர்ந்து அடைபட்டிருக்கிறார்கள். கொலைகாரனோடுதான், இருந்தாலும் பேச்சுத் துணை.

13 மே, வெள்ளி

பொன்னியம்மா ஜன்னலுக்கு வந்தாள். பக்கத்து வீடு. கோழி வளர்க்கிறவள்.

"இன்னாக்கா, வண்டலூர்ல கூண்டுல வெச்சாப்ல கீற. வேர்க்கல்ல போடட்டா?"

"போடு. தோலுரிச்சுப் போடு."

சிரித்தாள். பிறகு கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். "அது சரி, அந்தப் பொணத்த எடுத்தாங்களா இல்லியா?"

படித்துக் காட்டினேன். சொல்வதைவிடப் படிப்பது நல்லதுதான். எழுத்தில் இருப்பதை யாரும் புரளி என்று சொல்ல முடியாது. ஆனால் பெயர் மட்டும் ஜம்புலிங்கம்தான். அதை மாற்றமாட்டேன்.

15 மே, ஞாயிறு

இன்று அவர்கள் வீட்டில் இருப்பதால் பூட்டு இல்லை. அதற்குப் பதிலாகத் தங்கவேல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"நைனா, கடத்தெரு வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்று அவனிடம் கேட்டேன்.

"ஊட்டுக்காரரு பாத்தார்னா? கம்முனு இரு மா. அடுத்த ஊடு தேட எனக்கு லீவு கெடையாது."

ஜன்னலுக்கு வெளியே பெண்கள் வந்து நின்றார்கள். அவன் முறைத்தான். அவர்கள் அவனை முறைத்தார்கள். அவன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டான். நான் படிக்க ஆரம்பித்தேன்.

விறகுக் கொட்டகைக்குப் போகிற பனியில் ஒரே ஆள் போன காலடி, அதுவும் செத்தவருடையது, திரும்பி வந்த காலடி கிடையாது என்கிற இடம் வந்தபோது, சமையலறையில் வெங்காயம் அரிகிற சத்தம் நின்றுவிட்டது. நான் படிப்பதை நிறுத்தினேன். சத்தம் மறுபடி கேட்டது. படித்தேன். நின்றது.

கதை கேட்கிறாள். சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்கிறாள்.

17 மே, செவ்வாய்

ஜன்னலுக்கு வெளியே சண்டை.

"காலடி இல்லாம எப்டிக்கா போவான்? பறந்துகினு போனானா?" இது தாயம்மா. ஆம், அவளும் வருகிறாள். சுவர் ஓரமாக, என் கண்ணில் படாமல் நிற்பதாக நினைப்பு.

"அவுரு செருப்ப மாட்டிகினு, அவுரையே முதுகுல தூக்கிகினு போயிருப்பான்" என்றாள் பொன்னியம்மா.

"அப்ப திரும்பி வந்த காலு?"

"திரும்பல. உள்ளதான் கீறான். வெறகுக்குப் பின்னாடி."

"மூணு நாளா? அந்தக் குளுர்லயா? சோறு?"

"இவ ஒருத்தி. கொலகாரனுக்கு சோத்துக் கவல."

நான் உள்ளே, அவர்கள் வெளியே. அவர்கள் கையை நீட்டி ஒருவர் தோளை ஒருவர் அடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். என் தோளை அடிக்க வேண்டுமென்றால் கம்பிக்குள் கை விட வேண்டும். விட்டுப் பார்த்தாள் பொன்னியம்மா. வளையல் தடுத்தது.

19 மே, வியாழன்

முதல் பாகம் முடிந்துவிட்டது. கதவு தட்டப்படுகிறது. நர்ஸ் போய்த் திறக்கிறாள். வெளியே நிற்கிற ஆளைப் பார்த்து அவள் கையிலிருந்த விளக்கு கீழே விழுகிறது. அவ்வளவுதான். மீதி இரண்டாம் பாகத்தில், கங்காதரன் கடையில்.

"நைனா, அந்த ரெண்டாம் பாகத்த மட்டும் எடுத்தாந்து குடுத்துடு."

"இத்தன ரகளையும் அந்தப் புஸ்தகத்தாலதான் மா. இதையே அடுப்புல போடலாம்னு கீறேன்."

போடட்டும் பார்க்கலாம்.

பொன்னியம்மாவை அனுப்பியிருக்கிறேன். கோழி விற்க எப்படியும் பூந்தமல்லி போகிறவள்தான்.

20 மே, வெள்ளி

பொன்னியம்மா புத்தகத்தோடு வந்தாள். முகமெல்லாம் வெற்றி. கங்காதரன் சாப்பிடப் போயிருந்தாராம். அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு இவளே அலமாரியில் தேடி எடுத்தாளாம்.

"எழுத்து தெரியாங்காட்டி இன்னா, படம் தெரியாதா? பாரு, மேலயே ஐஸு."

புத்தகம்: வீட்டிலேயே ஐஸ்கிரீம், சர்பத் செய்வது எப்படி.

நான் திட்டவில்லை. அவள் வெயிலில் நடந்து வந்த முகத்தைப் பார்த்தால் திட்ட வராது. பாலை முக்கால் பங்காகக் காய்ச்சவும் என்று ஒரு பக்கம் படித்துக் காட்டினேன். "இதுல எப்ப கொல வருது?" என்று கேட்டாள் தாயம்மா.

21 மே, சனி

இன்று ஒரு முடிவு எடுத்தேன்.

எல்லோரும் ஜன்னலில் கூடி மீதியைக் கேட்டார்கள். புத்தகம் வேண்டாம், உனக்குத் தெரிந்திருக்குமே, வாயால் சொல் என்றார்கள். நான் சொன்னேன்: தெரியும். கொன்றது யார், எப்படி, எல்லாம் தெரியும். ஆனால் கம்பிக்குப் பின்னால் இருந்து சொல்லமாட்டேன். இந்தப் பூட்டை எடுத்தால் வெளியே வந்து உட்கார்ந்து சொல்வேன். எடுக்க வைப்பது உங்கள் பாடு.

"இன்னாக்கா, கட்சிக்காரன் மாதிரி பேசற."

"ஆமா. ஸ்ட்ரைக்கு."

எனக்குத் தெரியாது. இரண்டாம் பாகத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

23 மே, திங்கள்

நேற்று சாயங்காலம் பெண்கள் கூட்டமாக வந்து தங்கவேலிடம் பேசினார்கள். பொன்னியம்மா நன்றாகவே பேசினாள். ஒரு நாயைக் கட்டினாலும் பொழுது சாய அவிழ்த்து விடுவார்கள் என்றாள்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நாளைக்கே ஜம்புலிங்கம் எங்க சாமான தெருவுல போட்டாருன்னா, உங்க ஊட்ல எங்கள வெச்சிக்குவீங்களா? சொல்லுங்க, இப்பவே பூட்ட எடுக்கறேன்" என்றான்.

ஒவ்வொருத்தராக நகர்ந்தார்கள். எல்லோரும் வாடகைக்குக் குடியிருக்கிறவர்கள்தான். பாதிப் பேருக்கு ஜம்புலிங்கம்தான் வீட்டுக்காரர்.

போகும்போது பொன்னியம்மா ஜன்னலுக்கு வந்தாள். "பார்த்தல்ல. எங்களால ஆனது அவ்ளோதான். இப்ப சொல்லு, யாரு கொன்னது?"

"பூட்டு எடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப சொல்லமாட்டேன்."

"போக்கா. உன் திமிரு உன்னோட. நீயே வெச்சிகினு அவிச்சித் தின்னு."

24 மே, செவ்வாய்

யாரும் வரவில்லை.

25 மே, புதன்

யாரும் வரவில்லை. குழாயடியில் அவர்கள் பேசுவது கேட்கிறது. என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. சிரிப்பு மட்டும் கேட்கிறது.

இறங்கிப் போகலாமா? கூப்பிட்டு, எனக்கும் தெரியாதடி என்று சொல்லிவிடலாமா? சொல்லலாம். ஆனால் நான் ஏன் சொல்ல வேண்டும்? என்ன தப்பு செய்தேன்? இன்னா தப்பு செஞ்சேன் நானு?

26 மே, வியாழன்

பங்களாவில் பனி விழுந்து ஜன்னல் பாதி மூடிவிட்டது என்று எழுதியிருக்கிறான். உள்ளே இருக்கிறவர்களுக்குச் சாயங்காலமா காலையா தெரியவில்லையாம். முதலில் படித்தபோது அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனேன். இன்று அங்கேயே நின்றுவிட்டேன். எழுதினவனை யாராவது பூட்டி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இது எப்படித் தெரியும்?

27 மே, வெள்ளி

தண்ணீர்ப் பானை வரைக்கும் போக

28 மே, சனி

நேற்று ராத்திரி எழுத உட்கார்ந்தேன், ஒரு வரிகூட முடியவில்லை.

நேற்று மத்தியானம் மின்சாரம் போயிற்று. தலை கிறுகிறுத்தது. தண்ணீர் குடிக்க எழுந்தேன். பானைக்கு முன்னால் தரையில் கிடந்தது தெரியும், எப்படி விழுந்தேன் என்று தெரியாது. பொன்னியம்மா என்று கூப்பிட்டேன். கூப்பிட்டதாகத்தான் நினைக்கிறேன். ஜன்னல் என் கண்ணுக்கு எதிரேயே இருந்தது. அதில் ஒரு முகமும் இல்லை. வராதே என்று நானே அனுப்பிய முகங்கள்.

பயந்தேனா? பயந்தேன். செத்தால்கூடச் சாயங்காலம்வரை யாருக்கும் தெரியாது. இது மலை இல்லை, பனி இல்லை. கதவுக்கு வெளியே நாலு எட்டு வைத்தால் ஜனங்கள்.

பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. வசந்தகுமாரி. கம்பெனியிலும் மின்சாரம் இல்லையாம், பாதி ஷிஃப்டில் அனுப்பிவிட்டார்கள். "அத்த, அத்த" என்று ஓடி வந்தாள். தலையை மடியில் எடுத்து வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். பையிலிருந்து மாத்திரைப் பெட்டி அட்டை ஒன்றை எடுத்து விசிறினாள். அவள் அழுகிறாள் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை, தண்ணீர் என்றுதான் நினைத்தேன்.

"சாவி என் இடுப்புலதான் இருந்திச்சி. குனிஞ்சி பெட்டி ஒட்றப்பல்லாம் குத்திகினே இருந்திச்சி அத்த."

குத்தட்டும் என்று இருந்தது. ஆனால் மடியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் விசிறினாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அத்த, அந்த நர்ஸுதானே?"

"எந்த நர்ஸு?"

"ஐஸ் பங்களாவுல. அவதானே கொன்னா?"

"ஏன் அப்டி சொல்ற?"

"எல்லா வேலையும் அவதான் செய்யறா. அவருக்குக் கால் அமுக்கறா, கஞ்சி வெக்கறா, அத்தினி பேருக்கும் வெந்நீர் போடறா. கதை பூரா வந்துகினே கீறா. ஒருத்தராவது அவள உக்காருன்னு சொன்னாங்களா? நீ படிக்கறப்பல்லாம் பாத்துகினே இருந்தேன். ஒருத்தரும் சொல்லல."

முதல் பாகத்தை இரண்டு முறை படித்தவள் நான். தம்பியைச் சந்தேகப்பட்டேன், விருந்தாளியைச் சந்தேகப்பட்டேன், சமையல்காரனைக்கூடச் சந்தேகப்பட்டேன். நர்ஸை ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியாதுடி. எனக்கு இன்னும் தெரியாது. ரெண்டாம் பாகத்த நான் படிக்கல."

விசிறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அடிப்பாவி அத்த! தெருவையே ஏமாத்திகினு கீற" என்று சொல்லிச் சிரித்தாள். என் வீட்டுக்கு வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. நான்தான் கேட்கவில்லையோ என்னவோ.

29 மே, ஞாயிறு

நேற்று சாயங்காலம் அவளுக்கும் அவனுக்கும் சண்டை. எனக்காகச் சண்டை போட யாரையும் நான் கேட்கவில்லை. ஆனாலும் காது கொடுத்துக் கேட்டேன்.

"ஊட்ட காலி பண்ணச் சொன்னா இன்னாடி பண்ணுவ?"

"காலி பண்ணுவேன். அத்த செத்துக் கெடந்தா அத எப்டி காலி பண்ணுவ?"

அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். பூட்டு அலமாரி மேலே இருக்கிறது. இன்று காலை கதவைத் திறந்து வாசல்படியில் உட்கார்ந்தேன். வெயில் முகத்தில் அடித்தது. அடிக்கட்டும்.

யார் போய்ச் சொன்னார்களோ, பத்து மணிக்கெல்லாம் ஜம்புலிங்கம் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் குடை. தங்கவேல் எழுந்து உள்ளே பார்த்து நின்றான். பெண்கள் தங்கள் தங்கள் வாசலில்.

"பூட்டு எங்க?"

"அலமாரி மேல" என்றேன்.

"ஏம்மா கன்னியம்மா, நான் சொன்னது இன்னா, நீங்க பண்றது இன்னா? என் தங்கச்சி இன்னும் என்னப் பாத்தா அழுவுது. கடையில டீ குடிக்கப் போனா, செத்தவரு வந்துட்டாருன்றான். எனக்கு மானம் மரியாத கெடையாதா?"

"எனக்குக் கெடையாதா?"

அவர் குடையை மடக்கினார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் அப்பா வயலில் நடும்போது அவர் வரப்பில் வந்து நின்றால் நிமிர்ந்து நிற்போம். இன்று எனக்கு மயக்கம் வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அதுவும் ஒரு காரணம்.

"பூட்டணும்னா பூட்டுங்க. ஆனா உங்களக் கொன்னது யாருன்னு அதோட தெரியாமப் போயிடும்" என்றேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தணித்தார்.

"...எதுல வெட்டுனான்?"

"கோடாலியில."

"எதுர்ல நின்னா, பின்னாடியா?"

"பின்னாடி. முதுகுல."

"அப்ப என் தம்பிதான்" என்றார் உடனே. "சந்தேகமே வாணாம். பாகம் பிரிக்காத நெலம் ஒண்ணு கீது, வெளிய ரோட்டோரமா. எங்கூட எதுர்ல நின்னு பேச அவனுக்குத் துப்பு கெடையாது. முதுகுலதான் வெட்டுவான்."

"இல்லீங்க, நர்ஸு" என்றாள் வசந்தகுமாரி கதவுக்குப் பின்னாலிருந்து. ஜம்புலிங்கத்தின் முன்னால் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"வெறகுக்குப் பின்னாடி ஒளிஞ்சிகினு கீறான், நான் அன்னிக்கே சொன்னேன்" என்று பொன்னியம்மா தன் வாசலிலிருந்தே கத்தினாள். சண்டை மறந்துவிட்டது போலிருக்கிறது. நானும் மறந்துவிட்டேன், அவளிடம் சொல்லவில்லை.

ஜம்புலிங்கம் படியின் ஓரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார். "யாரும்மா, நீயே சொல்லு."

"ரெண்டாம் பாகம் பூந்தமல்லியில கீது. போய் எடுத்தாறதுக்குக் கதவு வேணும்."

அவர் தங்கவேலைப் பார்த்தார். தங்கவேல் தரையைப் பார்த்தான். "சரி, போய்ட்டு வா" என்றார். "ஒண்ணு மட்டும் பண்ணு. என் பேர எடுத்துடு. வேற எவன் பேராவது வெச்சிக்கோ."

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் பாதிக் கதையில் செத்தவனின் பெயரை மாற்றினால் கேட்கிறவர்களுக்குக் குழம்பும். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் "பாவிப் பொம்பள" என்றார். எழுந்து போகவில்லை.

5 ஜூன், ஞாயிறு

நேற்று வசந்தகுமாரியும் நானும் பூந்தமல்லி போனோம். பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் கேட்டாள், கொடுத்தேன். கங்காதரன் கையை விரித்துவிட்டார். இரண்டாம் பாகத்தை வானகரத்தில் ஒரு ஆள் மாசி மாதமே எடுத்துப் போய் இன்னும் திருப்பவில்லையாம். விலாசம் வாங்கிக்கொண்டேன்.

தங்கவேல் ஒரு வாரமாக என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. பூட்டவும் இல்லை.

இனிமேல் செய்ய வேண்டியவை:

கங்காதரன் — இரண்டு பாகமாக இருக்கிற புத்தகத்தை இரண்டு பேருக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். இது என்ன வியாபாரம்?

தாயம்மா — முதலில் வந்து முன்னால் உட்கார வேண்டும். தாமதமானால், இது கதையா நிஜமா என்று கேட்டுவிட்டுத்தான் குடத்தைக் கீழே வைக்க வேண்டும்.

பொன்னியம்மா — ஐஸ்கிரீம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பால் காய்ச்சிப் பார்த்தாளாம். திரிந்துவிட்டதாம். அதற்கு நான் பொறுப்பு இல்லை.

ஜம்புலிங்கம் — கதை முடிகிறவரை வெளியூர் போவதாக இருந்தால் நாலு பேருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தினமும் வந்து "தம்பிதானே?" என்று என்னிடம் கேட்கக்கூடாது.

வசந்தகுமாரி — படிக்கும்போது சமையலறையில் நிற்கக்கூடாது. வந்து என் பக்கத்தில் உட்கார வேண்டும். இதை அவளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது நான்.

தங்கவேல் — நாதாங்கியின் வெளித் திருகாணிகளைக் கழற்றி உள்பக்கம் வைக்க வேண்டும். பழைய துளைகளை அடைக்க வேண்டும். பிறகு என்னிடம் பேச வேண்டும். முதலில் அவன்தான் பேச வேண்டும். நான் காத்திருப்பேன்.

நான் — நாளை காலை வானகரம் போக வேண்டும். அவர்கள் இருவரும் எனக்கு முன்னால் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். கடைசியாக வெளியே வருகிறவள் வீட்டைப் பூட்ட வேண்டும். உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுப் பூட்ட வேண்டும்.